பெயர் பொறிக்காத கேடயம்: ஒரு பாராட்டு விழாவின் நிகழ்வு ஆய்வு

தென்மாவட்ட நகரம் ஒன்றில், பால்புதுமையரின் (தன்பாலீர்ப்பினர், திருநர் உள்ளிட்ட பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரின்) சமத்துவத்துக்காகவும் அவர்கள் வெளிப்படையாக வாழ்வதற்காகவும் உழைத்தவர்களைப் பாராட்ட 2023ஆம் ஆண்டில் ஒரு சிறு குழு எடுத்த முயற்சியும் அதில் நேர்ந்த பிழையும் இங்கே பதிவு செய்யப்படுகின்றன. குழுவின் ஒருங்கிணைப்பாளராக இருந்தவன் நான். சம்பந்தப்பட்டவர்களின் அடையாளம் வெளிப்படாதிருக்க ஊர், தொழில், உறவுமுறை ஆகிய விவரங்களில் சில மாற்றப்பட்டுள்ளன. இதை எழுதலாமா என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்டு, எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, அவர் நீக்கச் சொன்ன இரண்டு பத்திகளை நீக்கிய பிறகே வெளியிடுகிறேன்.

பின்னணி

இந்த முயற்சி ஓர் இரங்கல் கூட்டத்தில் தொடங்கியது. 2022இன் இறுதியில் எங்கள் ஊர்த் திருநங்கை மூதாட்டி ஒருவர் காலமானார். அரசு மருத்துவமனையில் திருநங்கையர் யாராவது சேர்க்கப்பட்டால், எந்த வார்டில் படுக்க வைப்பது என்று ஊழியர்கள் குழம்பும் நேரத்தில் அங்கே போய் நின்று, பேசி, சோறு கொண்டுவந்து கொடுத்து, தேவைப்பட்டால் இரவில் துணைக்கும் இருந்தவர் அவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் செய்துவந்த இந்த வேலையைப் பற்றி இரங்கல் கூட்டத்தில் பதினோரு பேர் பேசினார்கள். அவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒருவர்கூட ஒரு மேடையில் இதைச் சொன்னதில்லை. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, இனி இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று பேச்சு எழுந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. திருநங்கைகள் நல வாரியம் 2008 ஏப்ரல் 15 அன்று அமைக்கப்பட்டதையொட்டி அந்த நாள் திருநங்கையர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. திருநரின் உரிமைகளை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் 2014இல் அதே தேதியில்தான் வந்தது. அந்த நாளையொட்டி மாநில அரசு ஒரு லட்சம் ரூபாய் காசோலையும் சான்றிதழும் கொண்ட விருதைத் திருநங்கையருக்கு வழங்கிவருகிறது. ஆனால் மருத்துவமனை வார்டில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவரின் பெயர் அந்த மேடை வரை போய்ச் சேர்வதற்கான வழி எதுவும் எங்கள் ஊரில் இருக்கவில்லை என்பதே எங்கள் எண்ணமாக இருந்தது.

2023 ஜனவரியில் ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. ஜமாத் எனப்படும் திருநங்கையர் சமூக அமைப்பைச் சேர்ந்த மூத்தவர்கள் இருவர், ஒரு வழக்கறிஞர், ஒரு கல்லூரி விரிவுரையாளர், ஒரு திருநம்பி (பிறப்பில் பெண்ணாகக் கருதப்பட்டு ஆணாக வாழ்பவர்), ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நான். தன்பாலீர்ப்புள்ள பெண் ஒருவரும் குழுவில் இல்லை என்பதை அன்று யாரும் கவனிக்கவில்லை. பின்னால் நடந்தவற்றைப் பார்க்கும்போது முதல் பிழை இங்கேயே நிகழ்ந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

தகுதி விதிகளும் வந்த பரிந்துரைகளும்

விதிகளை நாங்களே யோசிக்காமல் அரசு விருதின் விதிகளைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டோம். அரசு உதவியை நம்பாமல் தம் முயற்சியால் முன்னேறியிருக்க வேண்டும், குறைந்தது 5 திருநங்கையரின் வாழ்வாதாரத்துக்கு உதவியிருக்க வேண்டும், நல வாரியத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பவை அரசு விருதுக்குரிய நிபந்தனைகள். அரசுக்கு அவை பொருந்தலாம். கணக்குக் காட்ட வேண்டிய இடத்தில் எண்ணிக்கை தேவைதான். நாங்கள் ‘5 திருநங்கையர்’ என்பதை ‘5 பேர்’ என்று மாற்றியதோடு, ஆதாரமாகப் புகைப்படம், செய்தித்தாள் நறுக்கு, பாராட்டுச் சான்றிதழ் ஆகியவற்றை இணைக்கும்படியும் கேட்டோம்.

பிப்ரவரி இறுதிக்குள் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட பரிந்துரைகள் வந்தன. பெரும்பகுதி திருநங்கையரைப் பற்றியவை. திருநம்பியர் இருவர். மீதியில் பாதி, ஆண்டுக்கொரு முறை புடவையும் அரிசியும் வழங்கிப் படமெடுத்துக்கொள்ளும் பிரமுகர்களின் பெயர்கள். அவற்றில்தான் நறுக்குகள் கட்டுக்கட்டாக இருந்தன. ஏற்கெனவே வெளிச்சத்தில் நின்றவர்களிடம்தான் வெளிச்சத்தின் ஆதாரம் இருந்தது. இரங்கல் கூட்டத்தில் நாங்கள் நினைத்து வருந்திய அந்த மூதாட்டி உயிரோடு இருந்து விண்ணப்பித்திருந்தால் எங்கள் விதிப்படி முதல் சுற்றிலேயே தள்ளப்பட்டிருப்பார் என்பதைத் தலைமையாசிரியைதான் எடுத்துச் சொன்னார்.

மார்ச் மாதக் கூட்டத்தில் ஆவணங்கள் கட்டாயமல்ல என்று விதியைத் திருத்தினோம். உதவி பெற்றவர் நேரிலோ தொலைபேசியிலோ சொன்னால் போதும் என்று முடிவாயிற்று. அதே கூட்டத்தில் வேறொரு விவாதமும் நீண்டது. ஒருவரை அவருடைய அடையாளத்துக்காகப் பாராட்டுவதா, வேலைக்காகப் பாராட்டுவதா என்பது அது. 2019இல் நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ பெற்றது கலைப் பிரிவில், பரதநாட்டியத்துக்காக என்பதை விரிவுரையாளர் நினைவுபடுத்தினார். அவ்விருதைப் பெற்ற முதல் திருநங்கை என்று ஊர் கொண்டாடியது என்றாலும் விருது அவர் ஆடிய ஆட்டத்துக்கே கிடைத்தது. ஜமாத் மூத்தவர்களில் ஒருவர் இதை வேறு விதமாகப் பார்த்தார். “ஆடத் தெரிஞ்சவளுக்கு ஆட்டத்துக்குக் குடுப்பாங்க. ஆஸ்பத்திரியில காத்துக் கிடந்தவளுக்கு எதுக்குக் குடுப்பாங்க?” என்று அவர் கேட்டார். செய்த வேலையை ஒரே வாக்கியத்தில் தெளிவாகச் சொல்ல முடிந்தால் மட்டுமே விருது என்று முடிவு செய்தோம். நல்ல முடிவு என்றுதான் அன்று தோன்றியது. அந்த ஒரு வாக்கியமே பிறகு வினையாயிற்று.

நன்கொடையாளர் கேட்ட ஒரு சொல்

ஏப்ரலில் ஒரு நகைக்கடைக்காரர் 50,000 ரூபாய் தர முன்வந்தார். அழைப்பிதழில் ‘திருநங்கையர்’ என்ற சொல் மட்டும் இருக்கட்டும், ‘மற்றவை’ வேண்டாம் என்பது அவருடைய ஒரே வேண்டுகோள். அவர் கெட்டவர் அல்லர். திருநங்கையருக்குக் கடையில் வேலை கொடுத்தவர். ஆனால் திருநங்கையர் நலம் என்றால் தருமமாகவும், தன்பாலீர்ப்பு என்றால் தகாததாகவும் பார்க்கும் பழக்கம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. அர்த்தநாரியின் சிலை முன் கைகூப்புகிறவர்களும், கூவாகத்துக்கு வேடிக்கை பார்க்கவாவது போய்வந்தவர்களும், பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்கிறார்கள் என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

ஜமாத் மூத்தவர்கள் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். விழாவுக்கு வரும் நூறு பேருக்குச் சோறு போட வேண்டும் என்பது அவர்கள் கவலை. குழுவிலிருந்த திருநம்பி, ‘மற்றவை’ என்ற அந்தச் சொல்லில் தானும் அடக்கம் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு விவாதம் நீளவில்லை. பணத்தை மறுத்தோம். விருதுத் தொகை 10,000 ரூபாயிலிருந்து 5,000 ஆகக் குறைந்தது. பிரியாணி தக்காளிச் சாதமாயிற்று. இந்த முடிவை நான் இன்றும் சரி என்றே கருதுகிறேன். ஆனால் இதன் விளைவாக எங்களுக்குள் ஒரு வேகம் பிறந்துவிட்டதையும் சொல்லியாக வேண்டும். எதை மறைக்கச் சொன்னார்களோ அதை அழைப்பிதழில் பெரிதாகப் போட்டே தீருவது என்று உறுதியோடு இருந்தோம். அந்த உறுதிக்கு விலை கொடுத்தது நாங்கள் அல்ல, வேறொருவர்.

தேர்வும் தொலைபேசி அழைப்பும்

திருத்தப்பட்ட விதியின் பயனாக மே முதல் வாரத்தில் ஒரு பரிந்துரை வந்தது. எழுதியவர்கள் வெளியூரில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டாரின் வற்புறுத்தலுக்கும் அடிக்கும் அஞ்சி ஊரைவிட்டு வந்தபோது, எங்கள் நகரில் தனியார் மருத்துவமனையில் பணியாற்றும் ஒரு செவிலியர் தம்மை நான்கு மாதங்கள் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார் என்றும், தம்மைப் போல வேறு சிலருக்கும் அவர் இடம் கொடுத்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தார்கள். அவரை அவர்கள் ‘அக்கா’ என்றே குறிப்பிட்டிருந்தார்கள்.

குழு ஒருமனதாக அவரைத் தேர்ந்தெடுத்தது. நான் தொலைபேசியில் அழைத்தேன். அவர் இரவுப் பணி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த நேரம் அது. விருது என்றதும் கொஞ்சம் சிரித்தார். தாம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்றார். நான் வற்புறுத்தினேன். “சரி சார், வர்றேன்” என்றார். உரையாடல் மூன்று நிமிடம்கூட இருக்காது. விருதைப் பெற்றுக்கொள்வீர்களா என்று கேட்டேனே தவிர, எப்படிப் பெற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்கவில்லை. அன்றைய தேதியில் அவர் வீட்டில் வேறு இரண்டு இளம்பெண்கள் தங்கியிருந்தார்கள் என்பதும், அவர்களைக் காணவில்லை என்று வேறொரு மாவட்டத்துக் காவல் நிலையத்தில் புகார் இருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. தெரியாதவரிடம் தொலைபேசியில் அதையெல்லாம் அவர் சொல்லியிருக்கவும் மாட்டார்.

இதே மாதத்தில், விருது பெறவிருந்த திருநம்பி ஒருவரிடம் விரிவுரையாளர் நேரில் போய் அரைமணி நேரம் பேசினார். பழைய பெயர் எங்கும் வரக் கூடாது, பள்ளிக்காலப் படம் வேண்டாம், தகப்பனார் மேடைக்கு வந்தால் அவரைப் பேசச் சொல்லக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டவற்றை ஒரு அட்டையில் எழுதித் தொகுப்பாளரிடம் கொடுத்தோம். ஒருவரிடம் கேட்கத் தெரிந்த எங்களுக்கு இன்னொருவரிடம் கேட்கத் தோன்றவில்லை. திருநம்பியின் சிக்கல்கள் விரிவுரையாளருக்குத் தெரிந்தவை. செவிலியரின் சிக்கல்களைத் தெரிந்தவர் எவரும் குழுவில் இல்லை.

அழைப்பிதழ்

விழா ஜூன் மாதத்து இரண்டாம் ஞாயிறு. அதற்கு முந்தைய வியாழன் அன்று அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பத்திரிகைச் செய்திக்குறிப்பும் கொடுத்தோம். நம் ஊர் அழைப்பிதழ்களின் வழக்கப்படி, விருது பெறும் ஒவ்வொருவரின் பெயருக்குப் பக்கத்திலும் அவர் வசிக்கும் பகுதியின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தது. செவிலியரின் படம் அவருடைய வாட்ஸ்அப் முகப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அதன்கீழ், ‘வீட்டை விட்டு வெளியேறும் தன்பாலீர்ப்புப் பெண்களுக்குத் தம் இல்லத்திலேயே அடைக்கலம் தந்துவரும்’ என்று தொடங்கும் வாக்கியம். அதை எழுதியவன் நான். செய்த வேலையை ஒரே வாக்கியத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற விதிக்கு அது மிகச் சரியாகப் பொருந்தியது.

வெள்ளிக்கிழமை காலை ஓர் உள்ளூர்ப் பதிப்பில் செய்தி வந்தது. மரியாதையான தமிழ்ச் சொற்களின் தொகுப்பை மாநில அரசு 2022இலேயே அரசிதழில் வெளியிட்டிருந்தும், நாங்கள் எழுதிக் கொடுத்த சொல்லை மாற்றிப் பழைய, இழிவான தொனி கொண்ட சொல்லையே அச்சிட்டிருந்தார்கள். பெயரும் பகுதியும் அப்படியே இருந்தன.

வெள்ளி முதல் ஞாயிறு வரை

பணி முடிந்து கிளம்பும்போது உடன் வேலை செய்பவர் ஒருவர் அந்தச் செய்தியைச் செவிலியரிடம் காட்டியிருக்கிறார். அவர் என்னை அழைக்கவில்லை. அழைப்பிதழில் இருந்த பெயர்களில் வழக்கறிஞர் என்று போட்டிருந்தவரைத் தேடிப் பிடித்து அழைத்தார். அந்த நேரத்தில் அவருக்கு எது தேவையென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மதியத்துக்குள் வீட்டு உரிமையாளர் வந்து, தங்கியிருப்பவர்கள் யார் என்று கேட்டார். மாலையில் அந்தப் பெண்களில் ஒருவரின் சித்தப்பா ஊரிலிருந்து கிளம்பிவிட்டார் என்ற தகவல் கைபேசியில் வந்தது. வழக்கறிஞர் அன்று எடுத்த மூன்று முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தகைய நேரத்தில் பெரும்பாலோர் இவற்றுக்கு நேர்மாறாகவே செய்வார்கள்.

முதலாவது, பெண்கள் இருவரையும் இருட்டுவதற்குள் அந்த வீட்டிலிருந்து வேறிடத்துக்கு மாற்றியது. ஜமாத் மூத்தவர் ஒருவரின் வீட்டில் அன்றிரவு தங்கினார்கள். இரண்டாவது, மறைந்திருக்காமல் மறுநாள் காலை தாமாகவே காவல் நிலையம் சென்றது. பெண்கள் பயந்தார்கள். வழக்கறிஞரின் வாதம் இதுதான்: காணவில்லை என்ற புகார் நிலுவையில் இருக்கும்வரை தேடுதலும் நிற்காது, அவர்களை வைத்திருப்பவர் மீது கடத்தல் என்ற பேச்சும் எழலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவில், காணாமல் போனதாகச் சொல்லப்படுபவர்கள் வயது வந்தவர்கள், சம்மதத்தோடு சேர்ந்திருக்கும் பால்புதுமையர் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு, துன்புறுத்தாமல் புகாரை முடித்துவைக்க வேண்டும் என்று காவல்துறைக்கு வழிகாட்டியிருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கு அது. ஓடி ஒளிவதைவிட அந்த வழிகாட்டுதலைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு என்று அவர் கருதினார். மூன்றாவது, வாக்குமூலம் கொடுக்கும்போது செவிலியரையும் உடன் அழைத்துச் சென்றது. காவல் சார்நிலைப் பணியாளர் நடத்தை விதிகளில் 2022இல் சேர்க்கப்பட்ட 24-சி என்னும் விதி, பால்புதுமையரை மட்டுமல்ல, அவர்கள் நலனுக்காக உழைப்பவர்களைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பலரும் கவனிக்காத பகுதி அது. அதன் நகலை அவர் கையில் வைத்திருந்தார்.

நிலையத்தில் நான்கு மணி நேரம் ஆயிற்று. ஆய்வாளர் முதலில் உறவினர்களை உட்கார வைத்து, “பேசி முடிச்சுக்கோங்க” என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதாகவே எனக்குத் தோன்றியது. கணவன் மனைவி சண்டைக்குச் சொல்லும் அதே வார்த்தை. வழக்கறிஞர் குரலை உயர்த்தாமல் உத்தரவு, விதி ஆகிய இரண்டின் நகல்களையும் மேசையில் வைத்துப் படிக்கச் சொன்னார். ஆய்வாளர் படித்தார். பிறகு பெண்கள் தனித்தனியாக வாக்குமூலம் கொடுத்தார்கள். விவரம் புகார் பதிவான நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. சித்தப்பா வாசலில் நின்று அழுதார் என்பதையும் பதிவு செய்கிறேன். அன்று மாலையே பெண்கள் வேறு நகரத்துக்குப் பேருந்து ஏறினார்கள்.

இதே சனிக்கிழமை இரவு குழு கூடியது. விழாவை ரத்து செய்வதா என்பது கேள்வி. நானும் தலைமையாசிரியையும் ரத்து செய்யலாம் என்றோம். அதில் குற்றவுணர்வு பெரும்பங்கு வகித்தது. ஜமாத் மூத்தவர்கள் மறுத்தார்கள். விருது பெறும் மற்றவர்களின் வீட்டில் புடவை எடுத்தாயிற்று, வெளியூரிலிருந்து ஆள்கள் வந்தாயிற்று, எங்கள் தவறுக்கு அவர்கள் ஏன் இழக்க வேண்டும் என்று கேட்டார்கள். விழா நடக்கட்டும், செவிலியரின் பெயர் மேடையில் எந்த வகையிலும் வரக் கூடாது என்று முடிவாயிற்று. ‘தவிர்க்க முடியாத காரணத்தால் வர இயலவில்லை’ என்ற வழக்கமான அறிவிப்பையும் தவிர்த்தோம். அப்படி அறிவித்தால் அரங்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் காரணத்தைத் தேடத் தொடங்குவார்கள்.

விழா

ஞாயிறு விழா நன்றாகவே நடந்தது. ஒரு மாமன்ற உறுப்பினர் இருபத்தைந்து நிமிடம் பேசியதை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை. குழுவுக்கான விருது பெற்ற கும்மிக் கலைக்குழுவின் தலைவி, தாம் மட்டும் வாங்க முடியாது என்று சொல்லி, பதினான்கு பேரையும் மேடைக்கு அழைத்தார். எங்களிடம் ஒரு பொன்னாடைதான் இருந்தது. அவர் அதை வாங்கி, குழுவில் ஆக இளையவருக்குப் போர்த்தினார். பொன்னாடை பற்றி மூத்தவர் ஒருவர் பின்னர் சொன்னது: அவருடைய பெட்டியில் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன, ஒன்றைக்கூட வெட்டித் தைக்க முடியாது, எல்லாம் வழுக்குகிற பாலியெஸ்டர். அடுத்த ஆண்டு பருத்தித் துண்டாகக் கொடுங்கள் என்றார்.

திருநம்பியின் தகப்பனார் மேடைக்கு வந்தார். யாரும் அவரைப் பேசச் சொல்லவில்லை. மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு இறங்கினார்.

விளைவுகள்

செவிலியர் ஒரு மாத அவகாசத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. மருத்துவமனை நிர்வாகம் வேலையில் கை வைக்கவில்லை. ஆனால் சில வாரங்கள் உணவு இடைவேளையில் அவரோடு யாரும் உட்காரவில்லை என்று பிறகு சொன்னார். ஊரில் இருக்கும் அவர் தாயாருக்குச் செய்தி வேறொருவர் வாயிலாகப் போயிற்று. புதிய வீடு கிடைக்க ஆகஸ்ட் ஆனது. அந்த இடைவெளியில் உதவி கேட்டு வந்த ஒருவரை அவரால் ஏற்க முடியவில்லை. ஒரு விழா அழைப்பிதழால் ஒரு வீட்டின் கதவு இரண்டு மாதம் மூடிக்கிடந்தது.

ஜூலையில் நானும் தலைமையாசிரியையும் அவரைப் பார்க்கப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை, அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. “விருது வேண்டாம்னு நான் சொல்லலை சார். என் வீட்டு விலாசத்தோட வேண்டாம்னுதான் சொல்றேன்” என்றார். விருதுத் தொகையான 5,000 ரூபாயை வாங்க மறுத்தார். புதிய வீட்டுக்கான முன்பணம் 30,000 ரூபாயைக் குழு கொடுக்க முன்வந்தபோது, அதை அன்பளிப்பாகக் கொடுத்தால் வாங்க மாட்டேன், குழு செய்த தவறுக்கான ஈடு என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்தோம். எங்கள் கணக்குப் புத்தகத்திலும் அந்தத் தலைப்பிலேயே அது பதிவாகியிருக்கிறது.

மாற்றிக்கொண்டவை

2024க்கான விதிகளை எழுதும்போது செவிலியரையே குழுவுக்கு அழைத்தோம். வர மறுத்து, தமக்குத் தெரிந்த வேறொருவரை அனுப்பினார். பரிந்துரையை ஏற்றவுடன் தொலைபேசியில் சம்மதம் வாங்கும் வழக்கத்தை விட்டோம். இப்போது குழுவில் இருவர் நேரில் போய், அழைப்பிதழில் பெயர் வரலாமா, படம் வரலாமா, செய்த வேலையை எந்தச் சொற்களில் சொல்லலாம், ஊரோ பகுதியோ குறிப்பிடலாமா என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். ஒன்றுக்குச் சொன்ன சம்மதத்தை மற்றொன்றுக்கு எடுத்துக்கொள்வதில்லை. பாராட்டு வாக்கியத்தை அவருக்குப் படித்துக் காட்டுகிறோம். வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று நேரடியாகக் கேட்பதில்லை. ‘இதைப் படித்தால் உங்களைத் தவிர வேறு யாருக்காவது தொந்தரவு வருமா’ என்று கேட்கிறோம். மேடையேறும் நிமிடம் வரை காரணம் சொல்லாமல் பின்வாங்கலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அடைப்புக்குறிக்குள் பகுதிப் பெயர் போடும் வழக்கம் எல்லாருக்குமாகவே ஒழிந்தது.

பத்திரிகைக் குறிப்பு விழா முடிந்த மறுநாள்தான் போகிறது. முன்கூட்டிய விளம்பரம் இல்லாததால் கூட்டம் குறைந்தது, அதை ஏற்றுக்கொண்டோம். குழுக்களுக்கான விருதில் மேடையில் யார் நிற்பது என்பதை அந்தக் குழுவே தீர்மானிக்கிறது. பருத்தித் துண்டும் வந்துவிட்டது.

ஒரு கருத்து வேறுபாடு மட்டும் தீரவில்லை. பெயரில்லாமல், படமில்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு கொடுக்கும் விருது எப்படி வெளிப்படையான வாழ்வை வளர்க்கும் என்று ஜமாத் மூத்தவர் கேட்கிறார். நாங்கள் புடவை கட்டித் தெருவில் நடந்தபோது எங்களிடம் யார் சம்மதம் கேட்டார்கள், கல்லைத்தானே எறிந்தார்கள், அப்படி நடந்து நடந்துதான் இந்த ஊர் எங்களைப் பார்க்கப் பழகிற்று என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. வழக்கறிஞரோ, நடப்பதென்று முடிவு செய்தவர் அவர், இங்கே முடிவு செய்தவர்கள் நாம் என்கிறார். என் மனம் வழக்கறிஞரின் பக்கம். ஆனால் மூத்தவரின் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அந்த உறுதி சற்றுத் தளர்கிறது.

2024 விழாவில் விருது பெற்ற ஆறு பேரில் இருவர் மேடைக்கு வர விரும்பவில்லை. ஒருவருக்கு அவர் வேலை பார்க்கும் தையற்கூடத்தில், மதிய இடைவேளையில், அவர் அழைத்த நான்கு பேர் முன்னிலையில் கொடுத்தோம். செவிலியருக்கு 2023இல் செய்த கேடயம் வழக்கறிஞரின் அலுவலகத்தில் சட்டப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அச்சடித்த பெயர்த்தகட்டைச் செவிலியர் கழற்றச் சொன்னார். ஆண்டு மட்டும் இருக்கட்டும் என்றார். அவர் வீட்டுக்கு இப்போது வருகிறவர்களை முதலில் அந்த அலுவலகத்துக்குத்தான் அனுப்பிவைக்கிறார்.